டீசல் எஞ்சின் அடி தவறி ஓடுதல்: காரணங்களும் பரிகாரமும்

இறவைக் கிணற்றை நம்பிச் சாகுபடி செய்யும் குடியானவர், எஞ்சினின் ஓசையைக் கொண்டே அதன் நிலைமையை அறியலாம். வேகத்தைக் குறைத்து வைத்தபோதும் அடி தவறாமல் சீராய் ஓடுவது நல்ல எஞ்சினின் லட்சணமாகும். இடையிடையே அடி தவறி, குலுங்கி, நின்று விடுவதுபோல் ஓடுமாயின் கோளாறு நேர்ந்துள்ளதென்று கொள்ள வேண்டும்.

நெற்பயிர் பொதி கட்டிப் பூக்கும் பருவத்தில் நீர் தவறினால் மணிகள் பதராகும். அத்தருணத்தில் எஞ்சின் தகராறு செய்தால் அநேகர் பதற்றமுற்று, உடனே ஹெட்டைக் கழற்றும்படி மெக்கானிக்கிடம் சொல்லி விடுகின்றனர். இரண்டு மூன்று நாள் பாசனமும், காஸ்கெட்டின் விலையும், கூலியும் வீணான பிறகு, டாங்கியின் அடியில் தங்கிய தண்ணீரே காரணமென்று தெரிய வருவதுண்டு. ஆகையால் செலவில்லாத சோதனைகளை முதலிலும், செலவுள்ளவற்றைக் கடைசியிலும் செய்வதே முறை.

எஞ்சின் ஓடும் விதம்

பெட்ரோல் எஞ்சினில் இருப்பதுபோல் டீசல் எஞ்சினில் மின்பொறி கிடையாது. சிலிண்டருக்குள் புகுந்த காற்றைப் பிஸ்டன் ஏறக்குறைய 16 அல்லது 18-இல் ஒரு பங்காக அழுத்துகிறது. அதனால் உண்டாகும் கடுஞ்சூட்டில், இன்ஜெக்டர் பனிபோல் தூவும் எண்ணெய் தானே தீப்பற்றுகிறது. மெதுவோட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் செல்லும் எண்ணெய் மிகச் சொற்பம். ஆதலால் சிறு காற்றுக்குமிழோ நீர்த்துளியோ கலந்தாலும் ஓர் அடி தவறிவிடும். வேகமாய் ஓடும்போது மறைந்திருக்கும் கோளாறு, வேகத்தைக் குறைத்ததும் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

சோதிக்கும் வரிசை

1. டாங்கி: அடித்திருகைத் தளர்த்திச் சிறிது எண்ணெயைக் கண்ணாடிப் புட்டியில் பிடித்துத் தெளிய விடவேண்டும். நீர் கலந்திருந்தால் அது அடியில் தனியே நிற்கும். நீர் முழுவதும் போகும்வரை வடித்துவிட வேண்டும். மூடியிலுள்ள சிறு துவாரம் அடைபட்டிருந்தாலும் எண்ணெய் சரிவர இறங்காது.

2. பில்டர்: கறுத்து அடைபட்டிருந்தால் புதிது மாற்ற வேண்டும்.

3. காற்று: டாங்கி ஒரு முறை வற்றினாலும், பில்டரைக் கழற்றினாலும் குழாய்களில் காற்றுப் புகும். காற்று அமுங்கிக் கொடுப்பதால் பம்பின் தள்ளுதல் வீணாகிறது. முதலில் பில்டரின் திருகையும், அடுத்துப் பம்பின் திருகையும் தளர்த்தி, குமிழின்றி எண்ணெய் வரும்வரை விட்டு இறுக்க வேண்டும். தேய்ந்த செப்பு வாஷரை மீண்டும் உபயோகிக்கலாகாது.

4. காற்று வழி: ஏர் கிளீனரில் தூசி நிறைந்திருந்தால் சுத்தம் செய்ய வேண்டும்.

5. கவர்னர்: அடி தவறாமல், வேகம் மட்டும் ஏறியும் இறங்கியும் மாறி மாறி ஓடினால், கவர்னரின் இணைப்புத் தண்டு ஏதேனும் பிடித்துக் கொண்டிருக்கிறதா என்று பார்த்து, அழுக்கை நீக்கி எண்ணெயிட வேண்டும்.

6. டாப்பெட்: எஞ்சின் ஆறிய பின், இரு வால்வுகளும் மூடிய நிலையில், கைப்புத்தகத்தில் கண்ட அளவுக்கு இடைவெளி வைக்க வேண்டும். இடைவெளி போதாவிடில் வால்வு முழுதும் மூடாமல் அழுத்தம் கசியும்.

7. அழுத்தம்: எண்ணெய் வரவை நிறுத்திவிட்டுப் பிளைவீலைக் கையால் மெதுவாய்த் திருப்பினால், ஓரிடத்தில் அது பலமாக எதிர்க்க வேண்டும். எதிர்ப்பின்றிச் சுற்றினால் வால்வு, ரிங், காஸ்கெட் இவற்றில் ஒன்று பழுது. ஹெட்டைக் கழற்றுவதற்கு நியாயம் ஏற்படுவது இந்த இடத்தில்தான்.

புகையின் நிறம்

கரும்புகை, எண்ணெய் மிகுதியையோ காற்றுக் குறைவையோ காட்டும். நீலப்புகை, மசகெண்ணெய் சிலிண்டருக்குள் எரிவதைக் காட்டும். எஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை நீங்காவிடில், எண்ணெய் எரியாமல் போகிறது, அல்லது நீர் புகுந்துள்ளது.

எச்சரிக்கை

மேற்கண்ட யாவும் சரியாயிருந்தும் அடி தவறினால் இன்ஜெக்டரைச் சந்தேகிக்கலாம். அதைச் சோதனைப் பம்பு உள்ள பட்டறைக்கு எடுத்துச் செல்வதே உசிதம். அதன் எண்ணெய்த் தாரைக்கு எதிரே ஒருபோதும் கையைக் காட்டலாகாது. அது தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். காயம் ஊசிக்குத்துப்போல் சிறிதாய்த் தோன்றினாலும் விரலையே இழக்க நேரிடும். அவ்விதம் நேர்ந்தால் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

டீசலை எப்போதும் வடிகட்டியே ஊற்றுதல், மாலையில் டாங்கியை நிரப்பி வைத்து உள்ளே ஈரம் படியாமல் தடுத்தல், அடியில் தங்கும் கசடை அடிக்கடி வடித்தல் ஆகிய மூன்றையும் வழக்கமாகக் கொண்டால் இத்தொல்லைகளில் பெரும்பாகம் நேராது. பயிர் நீருக்குத் தவிக்கும் நாளில் எஞ்சினைச் சோதிப்பதைவிட, மடை திறக்கும் முன்னரே சோதித்து வைத்தல் புத்திசாலித்தனமாகும்.