முறுக்கிய தந்தி

பெங்களூர்ப் பீனியாவில் ஆயத்த ஆடை தைக்கும் சகோதரி ஒருவர், ஞாயிறு வந்தனைக்குப் பின் நம்மிடம் வந்து, "ஐயா, தியானத்தில் அமர்ந்தால் உறங்கிவிடுகிறேன். வீட்டில் பிள்ளை பேசினாலும் எரிச்சல் வருகிறது. காலையில் எழவே மனமில்லை. என் சீலத்தில் என்ன குறை?" என்று வினவினார். இன்னும் அரைமணி முன்னதாக எழுந்து ஆனாபானசதி பயிலுமாறு நாமும் கூறியனுப்பினோம். அது தவறான போதனை. நூற்பாலையில் நெடுங்காலம் நின்ற நமக்கே அது உறைக்காமற் போனது வெட்கத்திற்குரியது.

பின்னரே அவர் வேலையைப் பற்றிக் கேட்டோம். மணிக்கு இத்தனை உருப்படி என்று 'டார்கெட்'. குறைந்தால் எல்லார் முன்னிலையிலும் ஏச்சு. கழிப்பறைக்கு எழ அஞ்சித் தண்ணீரே குடிப்பதில்லையாம். எஞ்சிய உருப்படியை முடிக்க மாலையிலும் நிற்க வேண்டும். நம் ஆலையிலும் ஒருவர் பார்க்கவேண்டிய இயந்திரங்களைக் கூட்டிக்கொண்டே சென்றனர். ஓர் இழையைப் பிணைப்பதற்குள் மறுபக்கம் பத்து இழை அறுந்து நிற்கும். மேஸ்திரி அதற்குச் சோம்பல் என்று பெயரிட்டார்; நாமும் அதை நம்பினோம்.

சோணர் என்னும் பிக்கு, இராசகிருகத்துச் சீதவனத்தில் பாதம் புண்பட்டுக் குருதி கசியுமளவு நடந்து முயன்றும் பயன் காணாது, இல்லறத்திற்கே திரும்ப எண்ணினார். வீணைத் தந்தியை மிக முறுக்கினாலும் மிகத் தளர்த்தினாலும் இசை பிறவாது என்பதை அவர் வாயாலேயே சொல்லவைத்துப் பகவன் தெளிவித்தார். இக்கதையை நாம் அனைவரும் சொல்கிறோம். ஆனால் சோணரின் பிரடை சோணர் கையில் இருந்தது. தொழிலாளியின் பிரடை பிறர் கையில் இருக்கிறது. தந்தியைப் பார்த்துத் தளர்ந்துகொள் என்றால் அது எவ்வாறு தளரும்?

பிரடையைப் பிடித்தவருக்கும் பகவன் கடமை வகுத்தார். சிகாலோவாத சூத்திரத்தில், ஆறு திசைகளை வணங்கிய சிகாலனுக்கு, கீழ்த்திசையாவது ஊழியர் என்று காட்டி, தலைவன் ஆற்றவேண்டியவை ஐந்து என்கிறார்: வலிமைக்கேற்ப வேலை பகிர்தல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயில் பேணுதல், அரிய உணவைப் பகிர்ந்துண்ணல், உரிய காலத்தில் ஓய்வு தருதல். ஊழியனின் ஐந்து கடமைகள் அதன் பின்னரே வருகின்றன. நம் போன்ற போதகர்கள் பின்னதை மட்டும் ஓதிவிட்டு இறங்கிவிடுகிறோம்.

வலிமைக்கேற்ப என்னும் அம்முதற் சொல்லே சட்டமாகவும் வந்தது. பாபாசாகேப் அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழில்துறை உறுப்பினராயிருந்தபோது கொணர்ந்த 1946ஆம் ஆண்டுத் திருத்தம், ஆண்டு முழுதும் ஓடும் ஆலைகளில் 54 மணியாயிருந்த வார வேலையை 48 மணியாக்கிற்று. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், ஐந்து மணி வேலைக்குள் அரைமணி ஓய்வும், மிகைநேரத்திற்கு இரட்டைக் கூலியும் விதித்தது. 2020ஆம் ஆண்டுப் புதிய தொகுப்பிலும் இரட்டைக் கூலி விடுபடவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் இத்தகைய சோர்வை, சீர்ப்படுத்தப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவென்றே வரையறுத்தது. உடல் ஓய்தல், வேலையில் மனம் கசந்து விலகுதல், செயல்திறன் குன்றுதல் என்னும் மூன்றும் அதன் குறிகள். அச்சகோதரி சொன்னவற்றிற்கும் இவற்றிற்கும் அதிக தூரமில்லை.

அடுத்த ஞாயிறு, தம் வரிசையில் தைப்போர் மூவரையும் அவர் அழைத்து வந்தார். சம்பளச் சீட்டுகளை விரித்து, மாலையில் நின்ற மணிகளைக் கூட்டிப் பார்த்தோம். சீட்டில் ஒரு மணிகூட ஏறியிருக்கவில்லை. நால்வரும் விண்ணப்பம் எழுதிக் கையொப்பமிட்டனர். அன்று அவரைத் தியானத்தில் அமர்த்தவில்லை. விகாரையின் பின்னறையில் பாய் விரித்து உறங்கச் சொன்னோம்.