கப்பலில் இறங்கப் பழகுவது எங்கே?

கேள்வி: விமானந்தாங்கிக் கப்பலில் விமானத்தை இறக்க நம் விமானிகள் எங்கே பழகுகிறார்கள்?
– ஒரு வாசகர், தாராவி

பதில்: முதலில் கரையில்தான். கோவாவில் ஐ.என்.எஸ். ஹன்சா கடற்படைத் தளத்தில், கப்பலின் மேல்தளம் போலவே ஒரு பயிற்சித் தளம் இருக்கிறது. முனையில் மேல்நோக்கி வளைந்த சரிவு, இறங்கும் இடத்தில் குறுக்கே எஃகு வடம். அங்கே கை பழகிய பிறகே கடல்.

சாதாரண ஓடுபாதையில் மூக்கைச் சற்றுத் தூக்கி மென்மையாக இறக்குவார்கள். கப்பலில் அது கூடாது. விளக்குகள் காட்டும் சரிவிலேயே வந்து தளத்தில் மோதுவதுபோல இறங்க வேண்டும். சக்கரம் பட்டதும் எஞ்சினை முழு வேகத்துக்குத் தள்ள வேண்டும்! வால் கொக்கி வடத்தைப் பிடிக்கத் தவறினால், மறுபடி மேலே எழ அந்த விசைதான் உயிர். உள்ளுணர்வுக்கு எதிரான இந்தப் பழக்கம்தான், என் பார்வையில், மிகக் கடினமான பாடம்.

தேஜஸ் போர்விமானத்தின் கடற்படை வகையும் இப்படித்தான் முதலில் 2019 செப்டம்பரில் கோவாவில் வடத்தைப் பிடித்து நின்றது. 2020 ஜனவரி 11 அன்று விக்ரமாதித்யா கப்பலில் இறங்கியது.

உங்கள் மும்பையின் தாருகானாவில் 2014இல் உடைக்கத் தொடங்கிய பழைய விக்ராந்த் கப்பலில், 1961 மே 18 அன்று முதல் ஜெட் விமானத்தை இறக்கியவர் கடற்படை விமானி தஹிலியானி. கோவாவின் இந்தப் பயிற்சித் தளம் அன்று கிடையாது. அவர் பின்னாளில் கடற்படைத் தலைமைத் தளபதியானார்.