அழுகல் வயலிலேயே தொடங்குகிறது

ஒட்டன்சத்திரத்திலோ பாலக்கோட்டிலோ ஏலம் முடிந்த பிறகு மண்டி ஓரத்தில் கொட்டிக் கிடக்கும் தக்காளியைப் பார்த்தால் மனசு ஆறாது. லூதியானாவில் உள்ள மத்திய அறுவடைக்குப் பிந்தைய பொறியியல், தொழில்நுட்ப நிறுவனம் (சிபெட்) 2015இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, அறுவடையிலிருந்து விற்பனை வரை 12.44 சதவீதத் தக்காளி வீணாவதாகக் கணக்கிட்டது. நூறு பெட்டிக்குப் பன்னிரண்டு பெட்டி. அத்தனையும் பறிகூலி கொடுத்துப் பறித்தவை.

நம்பிக்கை: குளிர்பதனக் கிடங்கு இல்லாததால்தான் அழுகுகிறது.

உண்மை: அடிபட்ட பழத்தை எந்தக் குளிரும் குணப்படுத்தாது. பறித்த வாளியை இடுப்பு உயரத்திலிருந்து பெட்டியில் கவிழ்க்கும்போதே உள்சதை கன்றிவிடுகிறது. தோல் அப்போதும் பளபளவென்றுதான் இருக்கும். மறுநாள் மண்டியில் பழம் கொழகொழத்ததும் பழி லாரிமேல் விழுகிறது! ஒட்டியிருக்கும் காம்பு பக்கத்துப் பழத்தைக் குத்த, அந்த ஓட்டை வழியே பூஞ்சை நுழைகிறது. காலையில் பனி காய்ந்ததும் பறித்து, காம்பு நீக்கி, உடனே மர நிழலுக்குக் கொண்டுபோங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. கிடங்கு இருந்தாலும், நிறம் மாறத் தொடங்கிய செங்காயை 10 டிகிரிக்குக் கீழே பல நாள் வைக்கக் கூடாது. வெளியே எடுத்த பின் சீராகப் பழுக்காது, சீக்கிரம் அழுகும்.

நம்பிக்கை: செடியிலேயே நன்றாகப் பழுத்தால்தான் ருசி, விலை.

உண்மை: அடிப்பக்கம் நிறம் மாறத் தொடங்கிய காய், பறித்த பிறகும் தானாகவே பழுக்கும். ருசியில் பெரிய வித்தியாசம் இருக்காது. தூரத்துச் சந்தைக்குச் செங்காய், உள்ளூருக்குப் பழம் என்று பிரித்துப் பறிப்பதே லாபம்.

நம்பிக்கை: ஏற்றும் முன் தண்ணீர் தெளித்தால் வாடாது.

உண்மை: சூடான பழத்தில் குளிர்ந்த நீர் பட்டால், காம்புத் தழும்பு வழியே நீரும் கிருமியும் உள்ளே இழுக்கப்படும். ஈரத்தோடு பெட்டியை மூடவே கூடாது.

நம்பிக்கை: பெட்டியைக் கோபுரமாக நிரப்பினால் வாடகை மிச்சம்.

உண்மை: ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும்போது பாரத்தைப் பெட்டியின் சுவர் தாங்க வேண்டும். விளிம்புக்கு மேல் நிரப்பினால் பழம் தாங்குகிறது, நசுங்குகிறது. ஒழுகும் சாறு கீழ்ப்பெட்டியையும் கெடுக்கிறது. கழுவாத பெட்டி அடுத்த நடைக்கும் அந்த அழுகலைக் கொண்டுபோகிறது.

குவித்து நிரப்பும் இந்தப் பழக்கத்துக்கு விவசாயியை மட்டும் குறை சொல்ல மாட்டேன். பெட்டிக் கணக்கில் ஏலம் போகும் இடத்தில், குவித்து வைத்தவருக்குத்தானே விலை கிடைக்கிறது? வியாபாரிகளே, விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிரப்பிய பெட்டியை எடை போட்டு, கிலோவுக்கு விலை கொடுங்கள்.