டைலுக்கு அடியில் இருக்கிறது வீடு

களியக்காவிளையில் புது வீட்டுக்கு டைல் எடுக்க மார்த்தாண்டத்துக்கும் பாறசாலைக்குமாக நாலு நாள் அலைகிறவர்கள் உண்டு. அந்த டைலுக்குக் கீழே என்ன வரவேண்டும் என்று கொத்தனாரிடம் அரை மணி நேரம் பேசியவர்களைத்தான் நான் அதிகம் பார்த்ததில்லை. கேட்டால் வரும் பதில்கள் இவை.

"பத்மநாபபுரம் அரண்மனைத் தரையைப் பாருங்கள், அந்தக் காலத்துப் பக்குவம் இப்போது வருமா?"

சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய தரை என்று காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பக்குவம் பெரிதுதான். ஆனால் அந்தத் தரைக்கு அடியில் கக்கூஸ் குழாயோ, தண்ணீர் லைனோ, வயரிங் பைப்போ கிடையாது. குளிப்பதற்குக் குளம் தனியாக இருந்தது. நம் வீட்டுத் தரை இத்தனையையும் வயிற்றில் சுமக்க வேண்டும். அதனால் யோசனையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

"நல்ல விட்ரிஃபைட் டைல் போட்டால் ஈரம் ஏறாது."

டைல் ஈரம் குடிக்காது, உண்மை. டைல்களின் இடுக்கு குடிக்கும். நமக்கு இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. மண் முழுசாகக் காயும் மாதங்கள் குறைவு. நிரப்பிய செம்மண்ணில் தங்கும் ஈரம் கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மேலே வந்துகொண்டே இருக்கும்.

என் அக்கா வீட்டில் பால் காய்ச்சி மூன்றாம் வருஷம், ஆனி மாதத்தில், ஹால் டைல்களின் இடுக்கில் வெள்ளைப் பொடி பூத்தது. ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டினேன். சுவரோரம் 'டங்' என்று கெட்டியான ஓசை. நடுவில் 'டொப்' என்று பொள்ளல். ஒரு டைலைப் பெயர்த்து, கீழிருந்த கான்கிரீட்டையும் கொத்தினோம். மண் இரண்டு விரற்கடை இறங்கிக் கிடந்தது. பாத்ரூமுக்குப் போகும் குழாயின் எல்போவில் பொட்டுப் பொட்டாகக் கசிவு. டிப்பரில் வந்த மண்ணை ஒரே மூச்சில் கொட்டி நிரவியிருக்கிறார்கள். மண் இறங்கியதும் குழாயின் இணைப்பு விட்டிருக்கிறது. கசிந்த நீர் மண்ணை இன்னும் இறக்கியிருக்கிறது. அக்கா அந்தக் குழியைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

செய்திருக்க வேண்டியது இது: மண்ணை 15 செ.மீ. கனத்துக்கு ஒரு அடுக்காகப் போட்டு, நனைத்து, இடித்து, பிறகு அடுத்த அடுக்கு. அதன்மேல் கனத்த பாலிதீன் விரிப்பு, அதற்கு மேல் கான்கிரீட். இதற்கு ஆகும் செலவு மொத்தக் கணக்கில் தெரியக்கூடத் தெரியாது.

"லைன் எல்லாம் தரைக்கடியில் போனால்தான் அழகு."

கழிவுக் குழாய்க்கு வேறு வழியில்லை. தண்ணீர் லைனுக்கு வழி உண்டு: வெளிச்சுவரோடு கொண்டுபோய், வேண்டிய இடத்தில் உள்ளே எடுக்கலாம். வயரிங் பைப்பைக் கூரை வார்ப்பில் வைத்துச் சுவர் வழியே இறக்குவதே மேல். ஈரத்தரைக்கு அடியில் ஓடும் வயரிங் பைப்பில் தண்ணீர் கட்டும்.

"பெல்ட் வார்த்த பிறகு பிளம்பரைக் கூப்பிட்டால் போதும்."

அப்போது அவர் கையோடு ஹேமரும் வரும். பெல்ட்டுக்கு, அதாவது அஸ்திவாரத்தின்மேல் ஓடும் கான்கிரீட் பட்டைக்கு, கம்பி கட்டும்போதே, 110 மி.மீ. கழிவுக் குழாய் கடக்கும் இடத்தில் 160 மி.மீ. குழாய்த்துண்டு ஒன்றை வைத்து வார்த்துவிட்டால் பெல்ட்டை யாரும் உடைக்க வேண்டாம்.

"பூச்சு வந்தால் எல்லா வெட்டும் மறைந்துவிடும்."

மறையும், ஆனால் பலம் திரும்பாது. சுவரில் செங்குத்தாக வெட்டினால் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, கிடையாக வெட்டினால் ஆறில் ஒரு பங்கு, அதுதான் எல்லை. நாலரை இஞ்ச் சுவரில் கிடைவெட்டு 2 செ.மீ.கூடப் போகக்கூடாது. 25 மி.மீ. பைப் அதில் அடங்காது. அரை இஞ்ச் தானே என்று மேலும் வெட்டச் சொல்லாதீர்கள்.

"கரையான் மருந்து மண்ணில் எவ்வளவு ஊற்றினாலும் நல்லது."

கரையான் விரும்பும் வாசல், குழாய் தரையைத் துளைக்கும் இடம். கரையான் தடுப்புக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 6313 அந்த இடத்தைத் தனியாகவே சொல்கிறது: குழாயைச் சுற்றி 15 செ.மீ. மண்ணைக் கிளறி மருந்திட வேண்டும். குடிநீர்க் கிணற்றை மருந்து எட்டிவிடக்கூடாது என்றும் அது எச்சரிக்கிறது. அடுக்களையை ஒட்டிக் கிணறு வைத்திருக்கும் நமக்குச் சொன்னது போலிருக்கிறது. அளவை மீறி ஒரு சொட்டும் விடவேண்டாம்.

பூசுவதற்கு முன் செய்ய இரண்டு வேலைகள். குழாயில் தண்ணீர் நிரப்பி, வழக்கமான அழுத்தத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஏற்றி, சில மணி நேரம் அழுத்தமானியின் முள் இறங்குகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு சுவரிலும் தரையிலும் டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுங்கள், அளவு தெளிவாகத் தெரியும்படி. அக்கா வீட்டில் புது லைன் இப்போது வெளிச்சுவரோடு போகிறது. அதைப் போட்டபோது எடுத்த படங்களைப் பிரிண்ட் போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு ஒரே உறையில் வைத்திருக்கிறாள்.