வண்டியும் வரலாறும்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் பெருஞ்சாலையில், நகரத்துக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது ஸ்ரீபெரும்புதூர். இராமாநுசர் தோன்றிய தலம் என்னும் பெருமையால் இவ்வூர் நெடுங்காலமாக நாடறிந்த ஊர். ஏரியும் நெல்வயலுமாக இருந்த இதன் சுற்றுப்புறம் 1990-களின் இறுதி முதல் விரைந்து மாறியது. இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய்க் கார்கள் உருவாகி வெளிவந்தன. தெற்கே ஒரகடத்தில் கார்களும் பார வண்டிகளும் செய்யும் ஆலைகள் பல எழுந்தன. ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 2013-இல் ஒரகடத்திலும், 2017-இல் அதனை அடுத்த வல்லம் வடகாலிலும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகளைத் திறந்தது.

இத்தகைய தொழிற்சாலையின் ஒரு கோடியில் வெறும் இரும்புச் சட்டமாகப் புகுவது மறுகோடியில் வண்டியாக வெளிவருகின்றது. ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் வேற்றுமை காண்டல் அரிது. வேற்றுமை இருத்தலாகாது என்பதே அத்தொழிலின் இலக்கணம். ஆயினும் ஒவ்வொரு வண்டிக்கும் தனியே உரியது ஒன்றுண்டு. அது சட்டத்திலும் எஞ்சினிலும் பொறிக்கப்பெறும் எண். வண்டி பிறந்த அன்றே அதற்கு இடப்படும் பெயர் அது எனலாம். புதிய வண்டியை வாங்குவோர் அவ்வெண்ணைப் பொருட்படுத்துவதில்லை. எந்த எண்ணாயினும் விலை ஒன்றே. ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின் அவ்வெண்ணே பேசத் தொடங்குகின்றது.

பழைய புல்லட் வண்டிகளைத் தேடி வாங்கிப் போற்றுவோர் தமிழ்நாட்டில் பலர் உளர். ஒரே ஆண்டிற் பிறந்த, ஒரே நிறமுடைய, ஒரே நிலையில் உள்ள இரண்டு வண்டிகள் அவர்முன் வந்து நிற்கின்றன. ஒன்றுக்கு அவர்கள் தயங்காமல் பெருந்தொகை கொடுக்கின்றனர். மற்றொன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். இரும்பு ஒன்றே, எடை ஒன்றே, வேகம் ஒன்றே. பின் வேற்றுமை எங்கே உள்ளது?

அது வண்டியில் இல்லை. வண்டி வந்த வழியில் உள்ளது. இதனை விளங்கிக்கொள்ளப் புல்லட்டின் பிறப்பைச் சிறிது அறிதல் வேண்டும். அவ்வண்டி இங்கிலாந்து நாட்டு ரெட்டிச் நகரில் 1932-இல் தோன்றியது. நம் எல்லைகளைக் காக்கும் படைவீரர்களுக்கு உறுதியான மோட்டார் சைக்கிள் வேண்டுமென்று 1950-களில் இந்திய அரசு 800 வண்டிகளைக் கேட்டது. அத்தேவையை ஒட்டி, மதராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ரெட்டிச் நிறுவனத்தாரும் கூடி 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தை அமைத்தனர். தொடக்கத்தில் உறுப்புகள் கப்பலில் வந்தன. திருவொற்றியூரில் அவற்றைப் பூட்டி வண்டியாக்கினர். பின்னர் உறுப்புகளையும் இங்கேயே வார்த்துக் கடையலாயினர். ரெட்டிச் ஆலை 1967-இல் மூடப்பட்டது. இங்கிலாந்தில் எஞ்சியிருந்த தொழிலும் 1970-இல் நின்றது. தாய்வீடு அழிந்தபின் மகள் வீட்டில் குலம் தழைத்ததுபோல, சென்னை வண்டி மட்டும் நிலைத்து நின்று, 1977 முதல் அவ்விங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆயிற்று.

ஆகவே, ஒரு பழைய புல்லட்டைக் கண்டவுடன் அறிஞர் கேட்கும் முதற் கேள்வி, 'இது கப்பலில் வந்த உறுப்போ, திருவொற்றியூரில் வார்த்த உறுப்போ?' என்பது. அடுத்த கேள்வி, 'சட்டத்தின் எண்ணும் எஞ்சினின் எண்ணும் பதிவுப் புத்தகத்தில் உள்ளவைதாமோ?' என்பது. எஞ்சின் பழுதானால் வேறு வண்டியின் எஞ்சினை எடுத்துப் பூட்டுதல் பட்டறைகளில் நெடுநாள் வழக்கம். ஓட்டுவதற்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால், பிறந்தபோது கூடிய இரண்டும் பிரியாமல் இருக்கும் வண்டிக்குத்தான் சேகரிப்போரிடம் மதிப்பு மிகுதி.

மதிப்பு மிகுந்த இடத்தில் ஏமாற்றும் வந்து சேர்கின்றது. எண்ணை அராவி அழித்துவிட்டு வேறோர் எண்ணைக் குத்துவோர் உண்டு. வண்டி மண்ணோடு மண்ணான பின்னும் அதன் புத்தகத்தை மட்டும் வாங்கி, அதிலுள்ள எண்ணை ஊர் பேர் தெரியாத ஒரு சட்டத்தில் பொறிப்போரும் உண்டு. இவர்கள் அறியாதது ஒன்று. அச்சால் ஓங்கிக் குத்தும்போது எழுத்தின் பள்ளம் மட்டும் உண்டாவதில்லை. அதன் அடியிலுள்ள உலோகத்தின் நுண்ணிய அமைப்பும் நசுங்குகின்றது. மேற்பரப்பை அராவித் தேய்த்தாலும் அந்நசுக்கம் சிறிது ஆழம்வரை நிற்கும். அவ்விடத்தை நன்கு மெருகிட்டு அமிலக் கரைசலைத் தடவினால், நசுங்கிய பகுதியும் நசுங்காத பகுதியும் வெவ்வேறு அளவில் அரிக்கப்பட்டு, அழித்த எண் மங்கலாக மீண்டும் தோன்றும். தடய அறிவியல் கூடங்களில் இன்றும் கையாளப்பெறும் முறை இது. இரும்பும் எளிதில் மறப்பதில்லை போலும்.

இந்நிலை மோட்டார் வண்டிக்கு மட்டும் உரியதன்று. பழைய சித்திரக் கதைப் புத்தகங்களைத் தொகுப்போரிடமும் இதனையே காணலாம். சிவகாசியிலிருந்து 1972-இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் தொடங்கிய முத்து காமிக்ஸ் இதழ்களைச் சிறுவர்கள் படித்துக் கிழித்தனர். எஞ்சிய பழைய பிரதிகளை அச்சிறுவர்களே முதியவர்களான பின் தேடித் திரிகின்றனர். அமெரிக்காவில் 1938-இல் 10 காசுக்கு விற்ற 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ், 'சூப்பர்மேன்' முதன்முதலாகத் தோன்றிய இதழ். அதன் மிக நல்ல பிரதி ஒன்றை நிக்கலஸ் கேஜ் என்னும் நடிகர் வைத்திருந்தார். அது 2000-இல் அவர் வீட்டிலிருந்து களவு போயிற்று. 2011-இல் கலிபோர்னியாவில் ஒரு சேமிப்பறையில் கண்டெடுக்கப்பட்டது. அவ்வாண்டு இறுதியிலேயே 21 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. பிரதியின் தூய்மையே விலைக்கு முதற் காரணம் என்பது உண்மை. ஆயினும் நடிகர் பெயரும் களவும் மீட்பும் உலகறிந்த செய்திகளாகிவிட்டமையால், அப்பிரதியைப் பற்றி யாரும் ஐயுறுவதற்கு இடமில்லாமற் போயிற்று. புத்தகத்தின் முதற் பக்கத்தில் ஒருவர் மையால் பெயர் எழுதியிருந்தால் அதனைக் குறை என்றே தள்ளுவர். அப்பெயர் புகழ்பெற்றவர் பெயர் என்று மெய்ப்பிக்கப்பட்டால் அக்குறையே நிறையாகிவிடும்.

நம் ஊர்ச் சான்றும் உண்டு. அம்பாசிடர் கார் 2014 வரை லட்சக்கணக்கில் செய்யப்பட்ட கார். சென்னைத் தியாகராய நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் டி.எம்.எக்ஸ். 4777 எண்ணுடைய அம்பாசிடரை மட்டும் மக்கள் திரண்டு வந்து காண்கின்றனர். பிற அம்பாசிடர்களில் இல்லாத உறுப்பு எதுவும் அதில் இல்லை.

ஒரு பொருளின் வரலாற்றைக் காப்பாற்றுவது எளிதன்று. அன்பு மிகுதியால் அதனை அழித்துவிடுவோரே பெரும்பாலோர். பழைய வண்டி கிடைத்தவுடன் துருவைச் சுரண்டிப் புது வண்ணம் பூசி, முலாம் இட்டு, மணப்பெண்போல் அலங்கரித்து நிறுத்துவர். புல்லட்டின் பெட்ரோல் டாங்கில் ஓடும் பொன்னிறக் கோடுகள் அச்சிட்டவை அல்ல. திருவொற்றியூரில் கைத்திறன் மிக்க தொழிலாளர் தூரிகை கொண்டு ஒரே மூச்சில் இழுத்தவை. ஒரகடத்திலும் அக்கலை தொடர்ந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன் ஒரு கை இழுத்த கோட்டைச் சுரண்டியெடுத்துவிட்டு ஒட்டுத்தாள் ஒட்டுவோர், இழந்தது இன்னதென்று அறியார். 'புல்லிட்' என்னும் 1968-ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஓடிய பச்சை நிற மஸ்டாங் காரை, 1974-இல் அமெரிக்கர் ஒருவர் 6,000 டாலருக்கு வாங்கினார். அப்படத்தில் நடித்த ஸ்டீவ் மக்குயின், தமக்கு அதனைத் திரும்பக் கொடுக்குமாறு 1977-இல் கடிதம் எழுதினார், உரிமையாளர் கொடுக்கவில்லை. அக்கடிதம் பத்திரமாக வைக்கப்பட்டது. காரின் நசுங்கல்களும் மங்கிய வண்ணமும் அப்படியே விடப்பட்டன. 2020-இல் அது ஏலத்தில் 37 லட்சம் டாலரைக் கடந்தது. நசுங்கலைத் தட்டி நிமிர்த்தியிருந்தால் அவ்விலை கிடைத்திராது.

நம் நாட்டுச் சட்டமும் இதனை உணர்ந்துள்ளது. முதற் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டு கடந்து, பெரும் மாற்றம் எதுவும் செய்யப்படாமல் பழைய வடிவிலேயே காக்கப்படும் வண்டிகளைத் தனி வகையாகப் பதிவு செய்யலாம் என்று மத்திய அரசு 2021-இல் விதி வகுத்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மாநில எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்னும் எழுத்துகள் வரும். அவ்வண்டிகளைக் கண்காட்சிக்கும் அணிவகுப்புக்கும் ஓட்டலாம். நாள்தோறும் அலுவலுக்கு ஓட்டுதல் கூடாது.

இனி, ஒரகடத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் இத்தகைய வண்டி ஒன்று மாட்டுக் கொட்டகையிற் கிடப்பதாகக் கொள்க. வீட்டில் முதியவள் ஒருத்தியும் அவள் பேத்தியும் வாழ்கின்றனர். பேத்தி தொழிற்பேட்டையில் வேலை செய்பவள். வண்டி முதியவளின் கணவர் ஓட்டியது. அவர் படையில் ஓட்டுநராய் இருந்தவர். '1965-ஆம் ஆண்டுப் போரில் அவர் ஓட்டிய வண்டி இது. ஓய்வு பெற்றபோது கையோடு கொண்டுவந்தார்' என்பது அவ்வீட்டில் மூன்று தலைமுறையாக வழங்கும் கதை. பழைய இரும்புக் கடைக்காரர் அதனை எடைக்குக் கேட்டுப் பார்த்தார், முதியவள் கொடுக்கவில்லை.

கூரை ஒழுகத் தொடங்கிய ஆண்டில் தரகர் ஒருவர் வந்தார். கதையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. "நல்ல கதை, அம்மா. படை வண்டிக்குரிய அம்புக்குறி எண்ணை முன் மட்கார்டில் எழுதிவிடலாம். பச்சை வண்ணம் நான் பூசித் தருகிறேன். இரண்டு பங்கு விலை கிடைக்கும். பழைய தாள் ஏதேனும் இருந்தால் அதை யாருக்கும் காட்டாதீர்கள்" என்றார்.

மறுவாரம் பழைய வண்டிகளைத் தொகுப்பவர் ஒருவர் வந்தார். அவர் வண்டியைச் சுற்றி வந்தார், சாணம் படிந்த சட்டத்தைத் துணியால் துடைத்து எண்ணைப் படித்தார், பின்னர், "தாள் ஏதேனும் உண்டா, அம்மா?" என்று மெல்லக் கேட்டார்.

முதியவள் பேத்தியை நோக்கினாள். பேத்தி உள்ளே சென்று தகரப் பெட்டியைக் கொண்டுவந்தாள். அதில் பதிவுப் புத்தகம் இருந்தது. விற்பனைச் சீட்டு ஒன்று நான்காக மடித்து அதனுள் இருந்தது. கைக்குழந்தையுடன் தாத்தாவும் பாட்டியும் அவ்வண்டியருகே நிற்கும் புகைப்படம் ஒன்றும் இருந்தது. படத்தில் எண் பலகை தெளிவாகத் தெரிந்தது.

அவர் புத்தகத்தை விரித்துப் பார்த்தார். செங்கற்பட்டு மாவட்டத்தில் 1969-இல் முதற் பதிவு, புதிய வண்டி. சட்ட எண்ணும் எஞ்சின் எண்ணும் சிறிதும் மாறவில்லை. உரிமையாளர் பெயர் ஒன்றே. கைமாற்றக் குறிப்பு ஒன்றேனும் இல்லை.

"அப்படியானால் போர்க்கதை பொய்யா, ஐயா?" என்றாள் பேத்தி.

"உங்கள் தாத்தா போர்முனைக்குச் சென்றது பொய்யென்று இப்புத்தகம் சொல்லவில்லை, அம்மா. இவ்வண்டி சென்றதில்லை என்றுதான் சொல்லுகின்றது. போர்க்கதையோடு வருகின்ற வண்டிகள் பல. முதல் நாள் சீட்டோடும், மாறாத எண்ணோடும், ஒரே வீட்டில் இருந்துவரும் வண்டி எனக்கு இதுவரை கிடைத்ததில்லை" என்றார் அவர். பின் அவர் சொன்ன தொகை தரகர் காட்டிய ஆசையைவிடக் குறைவு. இரும்புக் கடைக்காரர் சொன்னதைவிடப் பல மடங்கு மிகுதி.

முதியவள் நெடுநேரம் பேசவில்லை. ஐம்பது ஆண்டுகள் அக்கதையை ஊராருக்குச் சொல்லி வந்தவள் அவள். மகனுக்குச் சொல்லிச் சோறூட்டியதும் அக்கதையைத்தான். வண்டியின் டாங்கின்மேல் மங்கித் தெரிந்த பொற்கோட்டை விரலால் ஒருமுறை தடவினாள்.

விற்பனைக் கடிதத்தோடு, வண்டியைப் பற்றித் தெரிந்ததை ஒரு தாளில் எழுதித் தருமாறு அவர் கேட்டுக்கொண்டார். பேத்தி எழுதுகோலை எடுத்து, "என்ன எழுதட்டும், பாட்டி?" என்றாள்.

"எழுது. உன் தாத்தா படையிலிருந்து ஓய்வு பெற்று வந்த வருஷம், கைக்கு வந்த பணத்தில் புதிதாக வாங்கியது. கொண்டுவந்த அன்றைக்கு நான்தான் ஆரத்தி எடுத்தேன். அதையும் எழுது."