ஏழு நாள், ஈரிடம்

மலேசியாவில் அரை நாள் காரில் சென்றால், மூடுபனி சூழ்ந்த மலையிலிருந்து அலை வீசும் கடற்கரைக்கு வந்துவிடலாம். காலையில் குளிராடை அணிந்து தேநீர் அருந்தியவர் மாலையில் கடற்கரை மணலில் வெறுங்காலுடன் நடக்கலாம். இந்த வசதி இருப்பதால், பள்ளி விடுமுறையில் ஒரே பயணத்தில் இரண்டு இடங்களைப் பார்த்துவரப் பல குடும்பங்கள் விரும்புகின்றன. ஆனால், இரண்டு சிறு பயணங்களை அப்படியே ஒட்டவைத்தால் அது நல்ல பயணமாகிவிடாது. எங்கு முதலில் செல்வது, எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பவற்றை முன்கூட்டியே சிந்தித்து முடிவு செய்ய வேண்டும்.

கிள்ளானில் வாழும் ஒரு குடும்பத்தின் பயணத் திட்டம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். அப்பா, அம்மா, எழுபது வயதைக் கடந்த பாட்டி, மூன்றாம் படிவத்தில் பயிலும் மகள், முதலாம் படிவத்தில் பயிலும் மகன் ஆகிய ஐவரும் ஆண்டிறுதி விடுமுறையில் ஒரு வாரம் வெளியூர் செல்ல எண்ணினர். திட்டமிடும் பொறுப்பை அப்பா மகளிடம் ஒப்படைத்தார். அதற்கென ஒதுக்கப்பட்ட தொகை 3,000 ரிங்கிட்.

இடங்களைத் தேர்ந்தெடுத்தல்

மகள் குளிர்ந்த மலையை விரும்பினாள். மகனுக்கோ கடல் வேண்டும். தம்பி முதலில் கிழக்குக் கரையில் உள்ள தீவுகளைத்தான் சொன்னான். ஆனால், ஆண்டிறுதியில் வடகிழக்குப் பருவக்காற்று வீசும். அக்காலத்தில் கிழக்குக் கரையில் கடல் கொந்தளிக்கும், கனமழை பெய்யும், தீவுகளில் உள்ள விடுதிகள் பல மூடப்பட்டிருக்கும். மேற்குக் கரையில் இருக்கும் பினாங்கை அந்தக் காற்று அவ்வளவாகத் தாக்குவதில்லை. ஆகவே, கடலுக்குப் பினாங்கு, மலைக்குக் கேமரன் மலை என்று முடிவாயிற்று.

இவ்விரு இடங்களும் பல வகைகளில் வேறுபட்டவை. கேமரன் மலை பகாங் மாநிலத்தில் உள்ளது. 1885ஆம் ஆண்டு அப்பகுதியை அளந்தறியச் சென்ற நில அளவையாளர் வில்லியம் கேமரனின் பெயரையே அது தாங்கி நிற்கிறது. 1929இல் அங்குப் பெரிய தேயிலைத் தோட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. காட்டை அழித்துத் தேயிலை நட்டு வளர்த்த தொழிலாளர்களுள் தமிழர் பலர் இருந்தனர். பினாங்கின் தலைநகரான ஜார்ஜ்டவுனோ துறைமுக நகரம். 1786இல் பிரான்சிஸ் லைட் அங்குக் கரையிறங்கிய பின்னர், பல நாட்டு வணிகர்களும் தொழிலாளர்களும் வந்து குடியேறினர். 2008இல் யுனெஸ்கோ நிறுவனம் மலாக்காவையும் ஜார்ஜ்டவுனையும் உலக மரபுடைமைத் தளமாக அறிவித்தது. ஓரிடத்தில் அமைதியும் பசுமையும்; மற்றோரிடத்தில் மக்கள் கூட்டமும் பழமையான தெருக்களும்.

நாள்களைக் கணக்கிடுதல்

இணையத்தில் தேடித் தேடி மகள் எழுதிய முதல் பட்டியலில் பதினேழு இடங்கள் இருந்தன. ஏழு நாளில் பதினேழு இடங்கள் என்றால் ஒரு நாளுக்கு இரண்டு அல்லது மூன்று இடங்கள்தாமே என்று அவள் எண்ணினாள். பட்டியலைப் பார்த்த அம்மா, "ஏழு நாளில் காரிலேயே எத்தனை நாள் போகும், அதைக் கணக்குப் பார்த்தாயா?" என்று கேட்டார்.

மகள் வரைபடத்தை எடுத்துக் கணக்கிட்டாள். கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலையில் உள்ள தானா ராத்தா நகர் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். அதில் தாப்பாவிலிருந்து மேலே ஏறும் 60 கிலோமீட்டர் தூரமும் வளைந்து நெளிந்து செல்லும் மலைப்பாதை. விரைவாகச் செல்ல இயலாது. மலையிலிருந்து சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி, வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பினாங்கு செல்ல ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் திரும்ப ஏறக்குறைய 350 கிலோமீட்டர். பாட்டியுடன் செல்வதால் வழியில் பலமுறை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டும். ஆக, போகும் நாள், இடம் மாறும் நாள், திரும்பும் நாள் ஆகிய மூன்றும் பயணத்திற்கே சரியாகிவிடும். ஏழு நாளில் எஞ்சிய முழு நாள்கள் நான்கே! மலையில் இரண்டு, பினாங்கில் இரண்டு.

ஓரிடத்திற்கு மட்டும் செல்வோர் இரண்டு நாள்களைப் பயணத்தில் செலவிடுவர். ஈரிடம் செல்வோர் மூன்று நாள்களைச் செலவிட வேண்டும். அந்தக் கூடுதல் நாள், இரண்டாவது இடத்திற்குக் கொடுக்கும் விலையாகும். இதனை அறியாமல் திட்டமிடுவோரே, "எல்லாவற்றையும் பார்த்தோம், எதையும் நன்றாகப் பார்க்கவில்லை," என்று சலிப்புடன் வீடு திரும்புகின்றனர்.

எதை விடுவது?

நான்கு நாள்களுக்குப் பதினேழு இடங்கள் பொருந்தா. மகளும் மகனும் பட்டியலைக் குறைக்கத் தொடங்கினர். பினாங்குக் கொடிமலையை முதலில் நீக்கினர். 1923இல் தொடங்கப்பட்ட மலை இரயில் அங்கு ஓடுகிறது, புகழ்பெற்ற இடந்தான். ஆயினும், அதன் உயரம் 800 மீட்டரைச் சற்றே தாண்டும். 1,400 மீட்டருக்கு மேல் உள்ள தானா ராத்தாவில் மூன்று இரவு தங்கிவிட்டு வருவோர் மீண்டும் ஒரு மலை ஏறுவதைவிடக் கடலுக்குச் செல்வதே மேல். ஓரிடத்தில் கிடைத்த அனுபவத்தை மற்றோரிடத்திலும் தேடக்கூடாது என்னும் விதியை அவர்கள் அப்போது வகுத்துக்கொண்டனர்.

அவ்வாறு நீக்கிக்கொண்டே வந்தபோது, "தேயிலைத் தோட்டம்: அரை நாள்" என்னும் வரியையும் மகன் அடித்துவிட்டான். செடிகளைப் பார்ப்பதற்கு அரை நாள் எதற்கு, போகும் வழியில் காரிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்பது அவன் எண்ணம். மகளும் மறுக்கவில்லை.

பிறகு ஒவ்வொருவரும் தவறாமல் காண விரும்பும் ஓர் இடத்தைக் கூற வேண்டும் என்று முடிவு செய்தனர். அம்மா ஜார்ஜ்டவுனின் பழைய தெருக்களைச் சொன்னார். அப்பா நாசி கண்டார் கடை என்றார். தம்பி பத்து ஃபெரிங்கி கடற்கரையையும், அக்காள் மலையுச்சியில் உள்ள பாசிக்காட்டையும் குறிப்பிட்டனர். பாட்டியிடம் கேட்டபோது, "எனக்கென்ன அம்மா! நீங்கள் போகிற இடத்துக்கு நானும் வருகிறேன்," என்றார். மகள் விடவில்லை. "இல்லை பாட்டி, எல்லாரும் ஓர் இடம் சொல்ல வேண்டும்," என்றாள். சற்று நேரம் கழித்துப் பாட்டி, "நான் பிறந்த தோட்டம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்தில் போய் ஒரு தடவை பார்த்தால் போதும்," என்றார்.

பாட்டியின் பெற்றோர் கேமரன் மலையில் கொழுந்து பறித்தவர்கள் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். ஆனால், அந்த இடத்தைப் பாட்டி மீண்டும் காண விரும்புவார் என அவர்கள் எண்ணிப் பார்த்ததில்லை. தம்பி அடித்த வரியை அக்காள் மீண்டும் எழுதினாள். அரை நாள் என்பது முழு நாளாயிற்று. அதற்கு ஈடாக, வேறு மூன்று இடங்கள் பட்டியலிலிருந்து நீங்கின. இறுதியில் எட்டு இடங்களே எஞ்சின.

வரிசையும் கிழமையும்

எந்த இடத்திற்கு முதலில் செல்வது என்பதும் முக்கியமானது. வளைவுகள் நிறைந்த மலைப்பாதையில் ஓட்டுநர் களைப்பின்றி இருக்க வேண்டும். எனவே, மலை முதலில் வந்தது. இறுதி நாளில் பினாங்கிலிருந்து நெடுஞ்சாலையிலேயே வீடு திரும்பலாம். இதில் ஒரு குறையும் உண்டு. மலையில் வாங்கும் காய்கறிகள் பினாங்கின் வெப்பத்தில் வாடிவிடும். அம்மா காய்கறி வாங்கும் ஆசையைக் கைவிட்டு, கெட்டுப்போகாத தேயிலைத்தூளை மட்டும் வாங்குவது என முடிவு செய்தார்.

கிழமைகளையும் அவர்கள் கருத்தில் கொண்டனர். விடுமுறைக் காலத்தில், குறிப்பாக வாரயிறுதியில், தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் இடையே கடுமையான வாகன நெரிசல் ஏற்படும். ஆகவே, மற்றவர் இறங்கும் ஞாயிற்றுக்கிழமையில் ஏறுவது என்று திட்டமிட்டனர். சில தேயிலைத் தோட்டங்களின் பார்வையாளர் நிலையம் வாரத்தில் ஒரு நாள் மூடப்படுவதுண்டு என்பதால், தொலைபேசியில் கேட்டறிந்து செவ்வாய்க்கிழமையைத் தேர்ந்தெடுத்தனர். புதன்கிழமை இடம் மாறும் நாள். ஜார்ஜ்டவுனில் உள்ள கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் வெள்ளிக்கிழமை நண்பகலில் சிறப்புத் தொழுகை நடைபெறும். அதனால் வியாழக்கிழமையே அதற்கு ஏற்றது. அப்பள்ளிவாசல், 1833இல் கட்டப்பட்ட மகா மாரியம்மன் கோயில், 1818இல் கட்டி முடிக்கப்பட்ட செயிண்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர் வழிபடும் கருணைத் தேவி ஆலயம் ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று மிக அருகில் உள்ளன. வெயில் ஏறுமுன் மற்றவர்கள் நடந்து செல்ல, மூட்டு வலி உள்ள பாட்டி திரிஷா வண்டியில் வரலாம். வெள்ளிக்கிழமை கடற்கரைக்கு உரியது. சனிக்கிழமை காலையில் வீடு திரும்ப வேண்டும்.

பையும் பணமும்

உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறு பாகை செல்சியஸ் குறையும். கிள்ளானில் நண்பகலில் 32 பாகை இருக்கும்போது, தானா ராத்தாவில் 23 பாகை அளவில்தான் இருக்கும். இரவில் இன்னும் குறையும். பினாங்கிலோ வீட்டில் இருப்பது போன்ற அதே வெப்பம். இரண்டு வகை ஆடைகளையும் அள்ளிக் கட்டினால் காரில் இடம் போதாது. எனவே, ஒவ்வொருவருக்கும் ஒரு பை, ஒரு குளிராடை என்று வரையறுத்தனர். மலைக்கான பொருள்களைப் பையின் மேற்பகுதியிலும், கடற்கரைக்கானவற்றை அடியிலும் வைத்தனர்.

வரவு செலவுக் கணக்கையும் மகள் எழுதினாள். ஆறு இரவுக்கு இரண்டு அறை கொண்ட வாடகை வீடு, இரவுக்கு 200 ரிங்கிட் வீதம் 1,200 ரிங்கிட். ஐவருக்கு ஏழு நாள் உணவு, ஒருவருக்கு ஒரு நாளைக்கு 25 ரிங்கிட் வீதம் 875 ரிங்கிட். பெட்ரோலுக்கும் சாலைக் கட்டணத்திற்கும் 350 ரிங்கிட். நுழைவுச் சீட்டுக்கும் திரிஷா வண்டிக்கும் 300 ரிங்கிட். மொத்தம் 2,725 ரிங்கிட். எஞ்சிய 275 ரிங்கிட்டை ஒரு தனி உறையில் இட்டு, "தொடக்கூடாது" என்று எழுதினாள். மருத்துவச் செலவு, கார்ப் பழுது போன்றவை ஏற்பட்டால் மட்டுமே அதை எடுக்க வேண்டும்.

மழைக்கும் ஓர் இடம்

கேமரன் மலையில் ஆண்டிறுதியில் மழை மிகுதி. கனமழையில் நிலச்சரிவு ஏற்பட்டு மலைச்சாலை அடைபடுவதும் உண்டு. அதனால், மலைப்பாதையில் பகலில் மட்டுமே பயணம் செய்வது, புறப்படுமுன் சாலை நிலவரத்தைக் கேட்டறிவது, இடம் மாறும் நாளில் வேறு எதையும் சேர்க்காமல் இருப்பது என்னும் மூன்று முடிவுகளை எடுத்தனர். மழை பெய்தால் செல்லத்தக்க இடங்களின் சிறு பட்டியலும் அவர்களிடம் இருந்தது.

அது பயன்பட்டது. திங்கட்கிழமை நாள் முழுதும் மழை பெய்ததால் பாசிக்காட்டுக்குச் செல்ல இயலவில்லை. மகளுக்கு ஏமாற்றந்தான். செவ்வாய்க்கிழமை வானம் தெளிந்தது. பாட்டிக்குரிய நாளை எடுத்துக்கொண்டு பாசிக்காட்டுக்குச் செல்லலாமா என்று அப்பா கேட்டார். "வேண்டாம் அப்பா, இன்று பாட்டியின் நாள்," என்றாள் மகள்.

பாட்டி வாழ்ந்த லயம் இப்போது அங்கு இல்லை. இயந்திரங்களும் பெரிய கத்தரிகளும் கொழுந்து வெட்டப் பயன்படுகின்றன. இருப்பினும், சாலையோரச் செடி ஒன்றின் அருகே நின்று, ஈரிலையும் ஒரு மொட்டும் சேர்த்துக் கையால் கிள்ளுவது எப்படி என்பதைப் பாட்டி பேரப்பிள்ளைகளுக்குக் காட்டினார். அவர்களின் தாத்தாவும் பாட்டியும் எந்த மேட்டில் பெண் பார்த்துப் பேசி முடித்தார்கள் என்பதையும் சொன்னார். காரிலிருந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற தம்பிதான் அன்று மிகுதியான கேள்விகளைக் கேட்டான்.

நல்ல பயணத் திட்டம் என்பது இடங்களின் பட்டியல் அன்று. கிடைக்கும் நேரத்தை உள்ளபடி கணக்கிடுதல், வேறுபட்ட இரு இடங்களிலும் அங்கு மட்டுமே கிடைப்பதைத் தேர்ந்தெடுத்தல், எதிர்பாராததற்குச் சிறிது பணமும் நேரமும் ஒதுக்குதல் ஆகியவை அதன் அடிப்படைகள். இவற்றுடன் இன்னொன்றும் உண்டு. ஒரு குடும்பத்தில் ஆசையை உரக்கச் சொல்பவர்களும் உண்டு. "எனக்கு எதுவும் வேண்டாம்" என்று ஒதுங்குபவர்களும் உண்டு. திட்டமிடுபவர் இரண்டாம் முறையும் கேட்க வேண்டியது அவர்களிடம்தான்.