பாடத்திட்டத்துக்கும் மதிப்பெண் போடுவோம்

அன்புள்ள பேராசிரியருக்கு,

பருவத்தேர்வு முடிந்ததும் பாடவாரியாகத் தேர்ச்சி விகிதம் போட்டு, 'ரிசல்ட் அனாலிசிஸ்' என்று மேலே அனுப்புகிறோமே, அதனால் மாணவருக்கு என்ன பயன் என்று கேட்டிருந்தீர்கள். அந்த அட்டவணை ஒவ்வொரு பாடத்தையும் தனியாகப் பார்க்கிறது. பாடங்களோ ஒன்றையொன்று நம்பி நிற்பவை.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கிரெகரி ஹைல்மன் குழுவினர் இந்தப் பிணைப்பை எண்ணாக்கினார்கள். ஒரு பாடத்தில் தோற்றால் எத்தனை பாடங்கள் அடைபடும் என்பது ஒரு எண். அந்தப் பாடம் இடம்பெறும் மிக நீண்ட சங்கிலியில் எத்தனை பாடங்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் எல்லாப் பாடங்களுக்கும் கூட்டினால் பாடத்திட்டத்தின் சிக்கல் அளவு கிடைக்கும். தொடர்பில்லாத நான்கு பாடங்களுக்கு அது 4. அதே நான்கும் ஒரே சங்கிலியானால் 22! மாணவர் அதே மாணவர்தான். தடை பாடத்திட்டத்தில் இருக்கிறது.

ஒஹையோவின் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம் அந்தத் தடையையே மாற்றியது. கால்குலஸ் வரிசையைத் தாண்ட முடியாமல் பலர் பொறியியலையே விட்டுப் போனார்கள். 2004இல் நேத்தன் கிளிங்பெயில் குழுவினர், பொறியியல் ஆசிரியர்களே ஆய்வகத்தோடு நடத்தும் முதலாண்டுக் கணிதப் பாடம் ஒன்றைத் தொடங்கினார்கள். அதை முடித்தவர் கால்குலஸ் வரிசை முடியும் முன்பே இரண்டாமாண்டுப் பொறியியல் பாடங்களைப் படிக்கலாம். பட்டம் பெறுவோர் விகிதம் உயர்ந்தது.

நம் ஊரில் அரியரோடு அடுத்த பருவத்துக்குப் போய்விடலாம். அதனால் சங்கிலி கண்ணில் படுவதில்லை; ஆனால் அறுந்த இடத்தில் புரிதல் அறுந்துதான் இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி முதல் பருவத்தில் 'மேட்ரிசஸ் அண்ட் கால்குலஸ்' படித்த மின்னணு, தொடர்பியல் (இசிஇ) மாணவர், மூன்றாம் பருவத்தில் 'சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்' எழுதினார். முதலாவதில் அரியர் வைத்தவர்கள் இரண்டாவதில் என்ன ஆனார்கள்? உங்கள் துறையின் கணினியிலேயே பதில் இருக்கிறது.

பெயர்களை நீக்கிவிட்டு, ஒரு மாணவருக்கு ஒரு வரியாக எல்லாப் பருவ மதிப்பெண்களையும் வரிசைப்படுத்துங்கள். பிளஸ் டூ கணித மதிப்பெண்ணையும் சேர்த்து, அதில் ஒத்திருப்பவர்களுக்குள் மட்டும் ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் பள்ளியிலேயே வந்த இடைவெளியைக் கல்லூரிப் பாடத்தின் மேல் சுமத்திவிடுவோம். எந்த இரண்டு பாடங்களில் சரிவு சேர்ந்தே வருகிறதோ, அங்கே இரண்டு ஆசிரியர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். எந்த அலகு புரியாமல் போனது, அதை எப்போது மீண்டும் நடத்தலாம் என்று அவர்கள் முடிவு செய்யட்டும்.

அடுத்த பாடத்திட்டக் குழுக் கூட்டத்துக்கு மாணவர்வாரியான இந்த அட்டவணையோடு போங்கள். தோற்ற மாணவரிடம் மட்டுமே விளக்கம் கேட்கும் வழக்கம் இனியாவது மாறட்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்